கவிழ்ந்த கடல் கயாக்கில் திரும்ப ஏறும்போது செய்யக்கூடாதவை

கவிழ்ந்தவுடன் பலர் காக்பிட் (உட்காரும் குழி) விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மேலே எம்பப் பார்ப்பார்கள். கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். இழுக்க இழுக்கப் படகு அவர்கள் பக்கமே சாயும். முதலில் காலை உதைத்து உடம்பை நீர்மட்டத்தில் படுக்கைவசமாகக் கொண்டுவர வேண்டும். அப்புறம் உதைத்துக்கொண்டே, காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள மேல்தளத்தில் வயிறு வழுக்கிப் போகும்படி உந்த வேண்டும். கை பலத்தை நம்பினால் சீக்கிரம் களைத்துவிடுவீர்கள்.

இதற்கும் முன்னால் ஒன்று: படகை விட்டுவிடாதீர்கள். ஆளில்லாத கயாக்கைக் காற்று தள்ளத் தொடங்கினால் நீந்திப் பிடிப்பது கஷ்டம். அலை உடையும் இடமென்றால் படகுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கவே கூடாது. அடுத்த அலை படகைத் தூக்கி உங்கள் மேலேயே அடிக்கும்.

தனியாகப் போகிறவர்கள் துடுப்பின் ஒரு முனையில் பேடில் ஃப்ளோட் (ஊதி நிரப்பும் மிதவைப் பை) மாட்டி, மறுமுனையைக் காக்பிட்டுக்குப் பின்னால் படகின் குறுக்கே வைத்து ஏறுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அவசரத்தில் ஃப்ளோட்டை அரைகுறையாக ஊதுவதும், ஏறியபின் எடையை எதிர்ப்பக்கம் சாய்ப்பதும் காரியத்தைக் கெடுத்துவிடும். தலை பின்முனையைப் பார்த்திருக்க, குப்புறப் படுத்தபடியே கால்களை உள்ளே விடுங்கள். திரும்பும்போது முகம் ஃப்ளோட் பக்கமாகவே இருக்கட்டும். இடுப்பு இருக்கையில் அமரும்வரை நெஞ்சைத் தூக்காதீர்கள்.

என் கணிப்பில், ஏற முடியாமல் தவிப்பவர்களைவிட ஏறியபின் மறுபடி விழுபவர்களே அதிகம். உட்கார்ந்தாயிற்று என்ற நிம்மதியில் ஃப்ளோட்டைக் கழற்றிவிடுகிறார்கள். காக்பிட்டிலோ தண்ணீர் நிரம்பியிருக்கும். படகு லேசாகச் சாய்ந்தாலும் மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்த்துவிடும். ஸ்பிரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றிக் காக்பிட் வாயை மூடும் உறை) முக்கால்வாசி மாட்டி, பம்ப் நுழையும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு இறையுங்கள். இறைத்து முடிக்கும்வரை ஃப்ளோட் அங்கேயே இருக்கட்டும்.

துணைக்கு ஆள் இருந்தால் வேலை பாதி. அவர் கவிழ்ந்த படகின் முன்முனையைத் தன் படகின்மேல் இழுத்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு நிமிர்த்தலாம். நீங்கள் துடுப்பைக் கையில் எடுத்து, தயார் என்று சொல்லும்வரை அவர் உங்கள் படகை விடக்கூடாது.

குளிர்நீரில் சுமார் 10 நிமிடத்திலேயே விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகலாம். ஃப்ளோட்டையும் பம்பையும் மூடிய பெட்டிப்பகுதிக்குள் வைத்திருந்தால் தண்ணீரிலிருந்து எப்படி எடுப்பது? மேல்தளத்தில் கைக்கெட்டும் இடத்தில் கட்டி வையுங்கள். இரண்டு முறை முயன்றும் ஏற முடியவில்லையா? சரி, படகைப் பிடித்துக்கொண்டே விசில் ஊதி உதவி கேளுங்கள்.