மலைப்பாதைக்கு இலகுவான கார்பன் ஃபிரேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முதல்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை போன்ற மலைப்பாதைகளில் ரோடு பைக் எனும் தார்ச்சாலைச் சைக்கிள் ஓட்டத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கார்பன் இழையால் ஆன சட்டகங்களில், அதாவது கார்பன் ஃபிரேம்களில், எது எடை குறைவானது? கேள்வி நியாயமானது. ஆனால் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையில் ஏறியவர், அதே 70 வளைவுகளிலும் இறங்கித்தான் வீடு திரும்ப வேண்டும். ஏறும்போது ஃபிரேமின் குறைந்த எடை சற்றே கைகொடுக்கிறது. இறங்கும்போதோ அதன் அளவும் வடிவமும், அதில் பொருந்தும் டயரும் பிரேக்கும் உங்கள் உயிரைக் காக்கின்றன. ஆகவே எடை எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் கணக்கிட்டுவிட்டு, மற்றவற்றை விரிவாகப் பார்த்தபின், கடைசியில் எடைக்குத் திரும்புவோம்.

படி 1: எடைக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 8 கிலோ, தண்ணீர்க் குப்பி, ஹெல்மெட், காலணி எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80 கிலோ. 1,000 மீட்டர் உயரம் ஏற உங்களுக்கு 75 நிமிடம், அதாவது 4,500 விநாடிகள் ஆகின்றன. செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவாக இருப்பதால் காற்றின் தடை சிறியது. மிதிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி புவியீர்ப்பை எதிர்க்கவே செலவாகிறது. எனவே ஏறும் நேரம் ஏறக்குறைய மொத்த எடையின் விகிதத்திலேயே மாறும். 1,100 கிராம் ஃபிரேமுக்குப் பதிலாக 800 கிராம் ஃபிரேம் வாங்கினால் குறைவது 300 கிராம். அது 80 கிலோவில் 0.375 விழுக்காடு. 4,500 விநாடிகளில் நீங்கள் மிச்சம் பிடிப்பது சுமார் 17 விநாடிகள். பாதிக் குப்பித் தண்ணீரின் எடையும் ஏறத்தாழ அந்த 300 கிராம்தான்.

பந்தய வீரருக்கு 17 விநாடி பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் 2000-ஆம் ஆண்டு முதலே பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதித்திருப்பதால், அவர்களுக்கும் எடைக் குறைப்பில் ஓர் எல்லை உண்டு. முதல் கார்பன் ஃபிரேம் வாங்குபவர் அந்த 17 விநாடிக்காகப் பொருந்தாத ஃபிரேமை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

படி 2: உடலுக்குப் பொருந்தும் அளவைக் கண்டறியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையை ஒதுக்குங்கள். ஃபிரேமின் மீது எழுதியிருக்கும் 52, 54, 56 என்ற எண்களும் எஸ், எம், எல் என்ற எழுத்துகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். ஒப்பிடத்தக்க அளவுகள் இரண்டு. மிதிகள் சுழலும் அச்சான பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபிரேமின் முன்முனையில் நிற்கும் குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை உள்ள செங்குத்து உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள கிடைமட்டத் தூரம் ரீச். ஸ்டாக் கூடினால் நிமிர்ந்து அமர்வீர்கள். ரீச் கூடினால் நீட்டிப் படுப்பீர்கள்.

இப்போது வைத்திருக்கும் சைக்கிளில் இவற்றை அளக்க, சமதளத் தரையில் பின்சக்கரம் சுவரில் படுமாறு நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹெட் டியூபின் உச்சி மையத்திலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்துக்கும் அவ்வாறே செய்யுங்கள். இரு குறிகளுக்கும் இடையிலான தூரம் ரீச். தரையிலிருந்து அந்த இரு மையங்களின் உயரங்களைக் கழித்தால் கிடைப்பது ஸ்டாக். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் நீளத்தையும் அதன் கீழுள்ள வளையங்களின் உயரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஏறிய பின் எங்கே வலிக்கிறது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வரி எண்களைவிடப் பயனுள்ளது.

54 அளவில் பந்தய வகை ஃபிரேமின் ஸ்டாக் ஏறத்தாழ 545 மில்லிமீட்டராகவும், நெடுந்தூரப் பயணத்துக்கான எண்டூரன்ஸ் வகையின் ஸ்டாக் ஏறத்தாழ 575 மில்லிமீட்டராகவும் இருக்கும். இந்த மூன்று சென்டிமீட்டர் மலையிறக்கத்தில்தான் தன்னைக் காட்டும். நான் வாங்கிய முதல் கார்பன் ஃபிரேம் எடையில் மிகக் குறைவானது. கடையில் என் உயரத்தை மட்டும் கேட்டு அளவு சொன்னார்கள், நானும் ஏற்றுக்கொண்டேன். ஏறும்போது குறையே தெரியவில்லை. இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தால் கழுத்து நிமிரவில்லை. மேலே பிடித்தால் பிரேக்கை இறுக்கக் கைவலு போதவில்லை. பாதி மலையில் இருமுறை நிறுத்தி விரல்களை உதறிக்கொண்டு இறங்கிய அந்த நாளுக்குப் பிறகு, ஸ்டாக்கைப் பார்க்காமல் எந்த ஃபிரேமையும் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ஸ்டாக் போதாவிட்டால் வளையங்களை அடுக்கிச் சரிசெய்யலாம் என்பார்கள். ஹெட் டியூபுக்குள் செல்லும் கார்பன் ஸ்டீரர் குழாயில் அதற்கு வரம்பு உண்டு. பல நிறுவனங்கள் 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் நிறுத்தச் சொல்கின்றன.

உயரம் குறைந்தவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். சிறிய ஃபிரேம்களில், மிதியை முன்னால் வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் காலணியின் நுனியில் உரசக்கூடும். சமதளத்தில் அவ்வளவு திருப்ப நேராது. கொண்டை ஊசி வளைவில் 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நேரும், அங்கே கீழே விழுந்தால் பின்னால் பேருந்து வரும். எனவே காலணியோடு அமர்ந்து, திருப்பிப் பார்த்த பின்பே முடிவு செய்யுங்கள்.

படி 3: இறக்கத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள்

80 கிலோ எடை 1,000 மீட்டர் உயரத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 785 கிலோஜூல். அறை வெப்பநிலையில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது. வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைக்க வேண்டிய நம் மலைப்பாதைகளில் எஞ்சிய பெரும்பங்கு வெப்பமாகப் பிரேக்கில்தான் இறங்குகிறது. சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மையே கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக்கோடு கார்பன் ரிம்களைப் பயன்படுத்தினால், நெடிய இறக்கத்தில் ரிம்மின் பிசின் இளகி ரிம்மே சிதையும் ஆபத்து உண்டு. மழையில் அவற்றின் பிடிப்பும் குறையும். ஆகவே புதிதாக வாங்குபவர்கள், சக்கர மையத்தில் உள்ள தட்டைக் கவ்வும் டிஸ்க் பிரேக்குக்கான ஃபிரேமையே எடுங்கள். எடை சற்றுக் கூடும், கூடட்டும். பழைய ரிம் பிரேக் ஃபிரேம்தான் கைக்கு எட்டுகிறது என்றால், மலைக்கு அலுமினிய ரிம்களை மாட்டுங்கள்.

அடுத்தது டயர். ஃபிரேமும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயரை ஏற்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். 28 என்பது கீழ் எல்லை. 32 இருந்தால் நிம்மதி. வளைவுகளில் சிதறிக்கிடக்கும் சரளை மீதும் மழையில் அரித்த தார் மீதும் அகன்ற டயரைக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டும்போது பிடிப்பும் கூடுகிறது, கைகளுக்கு வரும் அதிர்வும் குறைகிறது.

அளவுப் பட்டியலில் இரு சக்கர மையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். 980 மில்லிமீட்டர் அளவில் இருக்கும் பந்தய ஃபிரேம் விரைந்து திரும்பும். 1,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஃபிரேம் வேகத்தில் அலையாமல் நிற்கும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இரண்டாவதே நல்லது.

படி 4: எந்தக் கியருக்கு இடம் தருகிறது?

ஏற்றத்தை எளிதாக்குவதில் ஃபிரேமின் எடையைவிடக் கியரின் பங்கு மிகப் பெரியது. 10 விழுக்காடு சரிவில், முன் பல்சக்கரத்தில் 34 பல்லும் பின் பல்சக்கரத்தில் 28 பல்லும் வைத்து நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரும். மேற்சொன்ன 80 கிலோவுக்கு அதற்குச் சுமார் 210 வாட் திறன் தேவை. பின்னால் 34 பல் வைத்தால் அதே மிதிக்கு வேகம் ஏழரை கிலோமீட்டராகக் குறைந்து, ஏறக்குறைய 175 வாட் போதும். முதல் எண் பலரை மூச்சிரைக்க நிறுத்திவிடும், இரண்டாவது எண்ணில் உட்கார்ந்தே ஏறலாம். எனவே முன்னால் 50, 34 பல் செயின்ரிங்குகளும் (முன் பல்சக்கரங்கள்) பின்னால் 34 பல் வரையிலான காசெட்டும் (பின் பல்சக்கர அடுக்கு) பொருந்துமா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாட்டம் பிராக்கெட்டைப் பொறுத்தவரை, திருகுமறை கொண்ட பி.எஸ்.ஏ. அல்லது டி47 வகையைத் தேடுங்கள். அழுத்திப் பொருத்தும் வகைகளில் துளை சிறிதளவு பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சென்று சத்தம் வரும். இருக்கையைத் தாங்கும் சீட்போஸ்ட் 27.2 மில்லிமீட்டர் வட்டக் குழாயாக இருந்தால் எங்கும் மாற்று கிடைக்கும்.

படி 5: எடை விளம்பரத்தைப் படிக்கும் முறை

இப்போது எடைக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் எண் பெரும்பாலும் 54 அல்லது 56 போன்ற ஓர் அளவுக்கு மட்டும் உரியது. சில சமயம் வண்ணம் பூசாமல், திருகுகளும் இணைப்புகளும் இல்லாமல் எடுத்தது. வண்ணம் மட்டுமே 100 கிராம் வரை சேர்க்கக்கூடும். ஃபோர்க் தனியாக 350 முதல் 450 கிராம் இருக்கும். ஆகவே விற்பவரிடம், உங்கள் அளவில், நீங்கள் எடுக்கும் வண்ணத்தில், ஃபோர்க், சீட்போஸ்ட், அச்சுகள் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். ஃபிரேமுக்கு 900 முதல் 1,100 கிராம் என்பது நல்ல எல்லை. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஈத்தோஸ் என்ற சைக்கிளின் உயர்தர ஃபிரேமுக்கு 56 அளவில் 585 கிராம் என்று அறிவித்தது. அத்தகைய மெல்லிய குழாய்கள் பயணத்திலும் பராமரிப்பிலும் மிகுந்த கவனம் கேட்பவை.

டி700, டி800 என்பவை ஜப்பானின் டோரே நிறுவனத்தின் இழை வகைகள். எண் கூடினால் ஃபிரேம் சிறந்தது என்று கொள்ள வேண்டாம். எந்த இழையை எந்தத் திசையில், எத்தனை அடுக்காகப் படிய வைத்தார்கள் என்பதே வலிமையைத் தீர்மானிக்கிறது. ஐ.எஸ்.ஓ. 4210 பாதுகாப்புத் தரச் சோதனையில் தேறியதா, ஓட்டுபவரின் எடை வரம்பு என்ன என்ற இரு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத ஃபிரேமை வாங்காதீர்கள். சர்வதேச ஒன்றியத்தின் ஒப்புதல் முத்திரை, ஃபிரேம் பந்தய விதிகளுக்குப் பொருந்துவதைச் சொல்லுமே தவிர, அதன் உறுதிக்குச் சான்றாகாது.

படி 6: கையில் வாங்கும்போது

பழைய ஃபிரேம் என்றால் பாகங்களைக் கழற்றி, துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஹெட் டியூபின் அடிப்பகுதி, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய இடம், அங்கிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் குழாய்களான செயின்ஸ்டேக்கள், சீட்போஸ்ட் இறுகும் விளிம்பு ஆகிய நான்கிலும் விரல்நகத்தை ஓட்டி விரிசலைத் தேடுங்கள். நாணயத்தால் மெல்லத் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மங்கிய ஒலி வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். ஒலி சீராக இருப்பதால் மட்டும் ஃபிரேம் நல்லதென்று முடிவு செய்ய முடியாது; விபத்தில் சிக்கியது என்று தெரிந்தால் மீயொலிப் பரிசோதனை இன்றி வாங்க வேண்டாம்.

புதியதானால், கியர் மாற்றும் பின் டெரைலரைத் தாங்கும் சிறிய அலுமினியத் துண்டில் உபரியாக ஒன்றை அன்றே வாங்கி இருக்கைப் பையில் போட்டுவையுங்கள். சைக்கிள் ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தாலே அது வளையும், மலைமேல் அது கிடைக்காது. சீட்போஸ்டுக்குக் கிரீஸ் தடவாமல் வழுக்காமல் பிடிக்கச் செய்யும் கார்பன் பேஸ்ட் தடவி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஃபிரேமில் அச்சிட்ட அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில், இறுக்குங்கள். முதல் மலைப்பயணத்தை முடித்து அடிவாரம் வந்ததும், ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்குகள்), ஸ்டெம், சக்கர அச்சுகள் மூன்றையும் மீண்டும் ஒருமுறை சோதித்த பிறகே வீட்டுக்குப் புறப்படுங்கள்.