பிழை புகுந்த இடத்தைப் பத்துச் சோதனைகளில் கண்டறிய

சென்ற மாதம் வரை சரியாக இயங்கிய மென்பொருளோ விளையாட்டோ இன்று பிழை காட்டினால், நிரலை வரிவரியாகப் படிக்கத் தொடங்கும் முன், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய, நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் 'பைசெக்ட்' கட்டளையை நாடுமாறு நிரலாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 'கிட் பைசெக்ட் ஸ்டார்ட்' என்று தொடங்கி, பிழையுள்ள பதிப்பை 'பேட்' என்றும் நன்றாக இயங்கிய பழைய பதிப்பை 'குட்' என்றும் குறித்துவிட்டால், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு மாற்றத்தை அக்கருவியே எடுத்துத் தரும். அதை இயக்கிப் பார்த்து மீண்டும் குட் அல்லது பேட் என்று சொல்லச் சொல்ல, தேட வேண்டியவை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைவதால், 1000 மாற்றங்களுக்கு இடையே ஒளிந்திருக்கும் பிழையும் ஏறத்தாழ 10 சோதனைகளில் அகப்பட்டுவிடும்.

'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' போன்ற திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) விளையாட்டுகளில் பிழையைத் தெரிவிக்கும்போது, "ஓடவில்லை" என்று மட்டும் எழுதாமல், இவ்வாறு கண்டறிந்த மாற்றத்தின் அடையாளக் குறியீட்டையும் சேர்த்துத் தருவதே அங்கு உழைக்கும் தன்னார்வலர்களுக்கு நாம் செய்யக்கூடிய பேருதவி என்பது என் உறுதியான கருத்து.

இடையில் கம்பைல் ஆகாத, அதாவது நிரலிலிருந்து இயங்கும் வடிவத்துக்கு மாற்ற முடியாத, பதிப்பு வந்தால் 'ஸ்கிப்' கொடுத்துத் தாண்டலாம். தேடல் முடிந்ததும் 'ரீசெட்' கொடுத்தால், தொடங்கிய இடத்திற்கே திரும்பிவிடலாம்.