நாளுக்கு நாள் மாற்றிக்கொள்ளும் உடல்நலத் திட்டம்: மொரிஷியஸ் தமிழருக்கு ஒரு செய்முறை

அச்சடித்த உணவு அட்டவணை எல்லா நாளையும் ஒரே நாளாக நினைக்கிறது. கியூர்பிப்பில் மழை, போர்ட் லூயியில் வேலை, ஞாயிறன்று கல்யாணம் என்று நகரும் நம் வாரத்துக்கு அது பொருந்துவதில்லை. அன்றாடம் காலையில் திருத்திக்கொள்ளும் திட்டம்தான் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். நோட்டுப் புத்தகமோ கைபேசிச் செயலியோ, எதில் எழுதினாலும் சரி.

முதல் படி, அளவெடுப்பது. அரசு சுகாதார நிலையத்தில் சிகிச்சை இலவசம். வெறும் வயிற்றுச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பாருங்கள். சர்க்கரை லிட்டருக்கு 7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இடுப்புச் சுற்றளவையும் குறித்துக்கொள்ளுங்கள். தெற்காசிய வம்சாவளியினரில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே கவனம் தேவை.

இரண்டாம் படி, ஒரே ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுப்பது. நடையில் தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பைக் கேட்கிறது.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. அந்தப் பழக்கத்துக்கு மூன்று அளவுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பெரியது: கியூர்பிப்பின் துரு ஓ செர்ஃப் எரிமலை விளிம்பைச் சுற்றி அரை மணி நேரம். நடுத்தரம்: மெட்ரோவில் ஒரு நிலையம் முன்பே இறங்கி வீட்டுக்கு நடப்பது. சிறியது: இரவுச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குள் பத்து நிமிடம். சிறியதைக் குறைவாக எண்ணாதீர்கள். உண்டபின் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் தணிகிறது. புயல் எச்சரிக்கை நாளிலும் அதைச் செய்யலாம்.

நான்காம் படி, காலைக் கேள்விகள். நன்றாகத் தூங்கினேனா? வலி உண்டா? மாலை ஓய்வாக இருக்குமா? மூன்றும் சாதகமானால் பெரியது, ஒன்று இடித்தால் நடுத்தரம், அதற்கு மேல் என்றால் சிறியது. காய்ச்சலா, முழு ஓய்வு. கேள்விக்குப் பதில் சொல்லும் செயலி வைத்திருந்தால் அதனிடமும் இப்படியே சொல்லுங்கள்: "ஐந்து மணி நேரமே தூங்கினேன், முழங்கால் வலிக்கிறது, மாலையில் விருந்து; இன்று எதை மாற்றலாம்?" மருந்தின் அளவை மட்டும் ஒருபோதும் அதனிடம் கேட்காதீர்கள். அது மருத்துவரின் பொறுப்பு.

நடை படிந்த பிறகு உணவு. பருப்பு வைத்த ரொட்டியான தால்பூரியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கூடவே வாங்கும் இனிப்புப் பால் பானமான அலூடாவை விடுங்கள். ஏழு கறி விருந்தில் காய்கறியையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைப் பாதியாக்குங்கள். இத்தகைய சிறு மாற்றங்களின் வலிமையை இந்தத் தீவே கண்டிருக்கிறது: 1987இல் அரசு சமையல் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்துச் சோயா எண்ணெயைக் கூட்டியது, ஐந்தாண்டுகளில் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் கணிசமாகக் குறைந்தது.

காவடி விரதமும் புரட்டாசி விரதமும் தனிக் கவனம் கேட்பவை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தாலோ சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். விரதம் கலையட்டும். முருகன் நம் உயிரைக் கேட்பதில்லை.

கடைசிப் படி, ஞாயிறு மாலைக் கணக்கு. வாரத்தில் நான்கு நாள் சிறிய அளவிலேயே நின்றிருந்தால் உங்கள் பெரிய அளவு மிகப் பெரிது. இருபது நிமிடமாகக் குறையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்குப் போகும்போது இந்த நோட்டையும் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.