1851 கோல்ட் நேவி ரிவால்வரின் துருவை நிறுத்திய விதம்

அமெரிக்காவில் ஏலத்தில் வாங்கிய என் 1851 கோல்ட் (Colt) நேவி ரிவால்வரின் குழலிலும், குண்டு நிரப்பும் உருளையிலும் செந்துரு படர்ந்திருந்தது. இம்மாதிரியின் உருளையைச் சுற்றி, 1843 மே 16 அன்று அப்போது தனி நாடாயிருந்த டெக்சஸின் கடற்படை இன்றைய மெக்சிகோவின் கம்பீச்சே அருகே நடத்திய போரின் காட்சி மிக மெலிதாகப் பதிக்கப்பட்டிருப்பதால், உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் துருவோடு சித்திரமும் போய்விடும். பளபளப்பாக்கிய பழந்துப்பாக்கியைத் தேர்ந்த சேகரிப்பாளர்கள் பெரிதாக மதிப்பதில்லை. எனக்கும் அது பிடிக்காது.

முதலில் உருளையின் ஆறு அறைகளிலும் பழைய வெடிமருந்தோ குண்டோ இல்லை என்பதை உறுதிசெய்தேன். இவ்வகைத் துப்பாக்கிகள் நிரப்பியபடியே கைமாறி வருவதுண்டு என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. குழலைத் துப்பாக்கியோடு பிணைக்கும், இறுகியிருந்த ஆப்பை ஊடுருவும் எண்ணெயில் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டிக் கழற்றினேன்.

எண்ணெய்ப்பசை போகக் கழுவிய குழலையும் உருளையையும் காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டபோது, செந்துரு மேக்னடைட் எனும் கறுப்பு ஆக்சைடாக மாறியது. குழாய் நீரில் இதைச் செய்யக் கூடாது. அதிலுள்ள குளோரைடு புதுத் துருவை வரவழைக்கும். உதிர்ந்து நின்ற கருந்தூளைக் குழலில் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சாலும், சித்திரமுள்ள உருளையில் பருத்தித் துணியால் மட்டுமே அழுத்தமின்றியும் துடைத்தேன். சிவப்பு தென்பட்ட இடங்களுக்காக மீண்டும் கொதிக்கவிட்டு, சூடாறுமுன் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசினேன்.

இப்போது அதைத் தோலுறையில் வைப்பதில்லை. தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.