சட்டை காயும்போதே பாதி தேய்த்தாகிவிட வேண்டும்: வீட்டு இஸ்திரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருமுனை இஸ்திரி வண்டியில் இருக்கும் கரிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஐந்தாறு கிலோவுக்குக் குறையாது. அதைத் துணிமேல் வைத்து நகர்த்தினாலே போதும், கை அழுத்தவே வேண்டாம். வீட்டு அயர்ன் பாக்ஸின் எடை ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை. குறைகிற அந்த நாலு கிலோவைத் தோள்பட்டையால் ஈடுகட்டப் பார்க்கிறோம். ஆறு சட்டை முடிவதற்குள் கை கடுக்கிறது, காலரில் சுருக்கம் அப்படியே இருக்கிறது. எடை குறைந்த பெட்டிக்குத் துணை ஈரம்தான். வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஈரத்தை வீணாக்குவதில்தான் தொடங்குகின்றன.

பருத்தி இழைக்குள் இருக்கும் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளரும். காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அப்படியே மறுபடி இறுகும். கசங்கிக் கிடந்து காய்ந்தால் கசங்கல் நிற்கும், நீட்டி நின்று காய்ந்தால் நேராக நிற்கும். தேய்ப்பது என்றால் ஈரத்துணியை நீட்டிப் பிடித்துச் சட்டென்று காய வைப்பது, அவ்வளவுதான். மொட்டைமாடி வெயிலில் அப்பளமாக முறுகிப்போன சட்டைமேல் எத்தனை தடவை பெட்டியை ஓட்டினாலும் அது அசைந்து கொடுக்காது.

வாஷிங் மெஷினிலேயே தொடங்கும் தவறு

காலையில் மெஷினைப் போட்டுவிட்டு அலுவலகம் போய், மாலையில் வந்து எடுப்பது பல வீடுகளில் வழக்கம். சுழற்சி முடிந்ததும் துணியெல்லாம் டிரம்மின் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அப்படியே நாலு மணி நேரம் கிடந்தால் ஒவ்வொரு மடிப்பும் அழுத்தமாகப் பதிந்துவிடும். முடிந்த கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் முடிகிற மாதிரி டைமர் வைத்துக்கொள்ளலாம்.

டிரம்மைத் திணித்து நிரப்புவது இரண்டாவது தவறு. முக்கால் பங்குக்கு மேல் போனால் துணி புரள இடமில்லாமல் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். சட்டை, குர்த்தி, பருத்திப் புடவையைப் பிழிய நிமிடத்துக்கு 600 சுற்று வேகம் போதும். 1000, 1200 எல்லாம் துண்டுக்கும் ஜீன்ஸுக்கும். வேகம் குறைந்தால் துணியில் கொஞ்சம் தண்ணீர் தங்கும், அந்தக் கனமே துணியைக் கீழே இழுத்து நீட்டிவிடும்.

கொடியில் போடுமுன் தோள் இரண்டையும் பிடித்து ‘பட்’டென்று இரண்டு முறை உதறுங்கள். பிறகு ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, காலரை மடித்துவிட்டு, பொத்தான் பட்டையையும் கையின் ஓரத்தையும் விரலால் நீவி இழுத்துவிடுங்கள். ஒரு சட்டைக்கு இருபது விநாடிதான் ஆகும். இதைச் செய்த சட்டையையும், நடு மார்பில் மடித்துக் கொடியில் தொங்கவிட்ட சட்டையையும் அடுத்தடுத்துத் தேய்த்துப் பார்த்தால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

காய்ந்த துணியும் தண்ணீர் பாட்டிலும்

லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துத் தேய்ப்பதுதான் உத்தமம். தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. சித்திரை வெயிலில் அந்தப் பதம் ஒரு மணி நேரம்கூட நிற்காது என்பதால் பெரும்பாலும் தவறிப்போகும். அப்போது எல்லோரும் செய்வது, தேய்த்துக்கொண்டே தண்ணீர் தெளிப்பது. இதில் தெளித்த இடம் சொதசொதவென்று நனையும், பக்கத்து இடம் காய்ந்தே இருக்கும். பெட்டியும் அந்த ஈரத்தில் சூட்டை இழக்கும்.

பழைய முறைதான் சரி. எல்லாத் துணிக்கும் முன்கூட்டியே தண்ணீர் தெளித்து, தனித்தனியாக இறுகச் சுருட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு துண்டால் மூடி இருபது நிமிடம் வைத்துவிடுங்கள். ஸ்ப்ரே பாட்டிலாக இருந்தால் சட்டைக்கு எட்டுப் பத்து அழுத்து போதும். ஈரம் இழை முழுக்கச் சீராகப் பரவிவிடும். இரவே தெளித்துப் பாலித்தீன் பையில் கட்டி வைக்கலாமே என்று தோன்றும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் காலையில் வாடை அடிக்கும், பூஞ்சைப் புள்ளியும் வரலாம். வேண்டாம்.

கை வேகமாக ஓடினால் வேலை வேகமாக முடியாது

ஈரம் ஆவியாகப் பெட்டி அந்த இடத்தில் இரண்டு மூன்று விநாடி இருக்க வேண்டும். கடகடவென்று முன்னும் பின்னும் இழுத்தால் துணி பார்க்க நேராகத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். ஹேங்கரில் மாட்டிய பத்தாவது நிமிடம் முழங்கைப் பக்கம் மறுபடி அலை அலையாக வந்துவிடும். மெதுவாக, நீள வாக்கில், ஒரே திசையில் ஓட்டுங்கள். வட்டமாகச் சுழற்றினால் ரேயான் குர்த்தியும் டி-சர்ட்டும் இழுபட்டு ஓரம் கோணும்.

வலக்கை பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், உண்மையான வேலை இடக்கையில் இருக்கிறது. துணியின் ஓரத்தைப் பெட்டிக்கு எதிர்த்திசையில் லேசாக இழுத்துப் பிடித்தால் ஒரே ஓட்டத்தில் முடியும்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். பலரும் முதலில் கை வைப்பது முதுகில், ஏனென்றால் அது பெரிதாக, சுலபமாக இருக்கிறது. அதைத் தேய்த்துவிட்டுக் கைப்பகுதிக்கு வரும்போது முதுகு மேஜையில் கசங்கிக்கொண்டிருக்கும். சிறிய பகுதி முதலில், பெரியது கடைசியில் என்பதுதான் வரிசை. காலரை விரித்து, முதலில் அடிப்பக்கம். இரண்டு நுனியிலிருந்தும் நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து நுனிக்குப் போனால் உபரித் துணி முனையில் சேர்ந்து சின்ன மடிப்பாக நின்றுவிடும், வெளியே போகும்போது எல்லோர் கண்ணிலும் படும் மடிப்பு அதுதான். பிறகு திருப்பி மேல்பக்கம். அடுத்து தோள்பட்டையை மேஜையின் மூலையில் மாட்டித் தேய்க்கவும். பிறகு மணிக்கட்டுப் பட்டை, பொத்தானைக் கழற்றி, உள்பக்கம் முதலில். கையை அடித்தையல் நேராக வருமாறு பரப்பி, மேல் மடிப்புக்கு ஒரு விரல் முன்பே நிறுத்தினால் கோடு விழாது. கடைசியில் பொத்தான் பக்கத்து முன்பாகம், முதுகு, அந்தப் பக்க முன்பாகம் என்று சுற்றி வந்தால் முடிந்தது. பொத்தான் பட்டையைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்த்தால் பொத்தான்கள் கீழே இருக்கும் மெத்தையில் அமிழ்ந்துகொள்ளும். அவற்றைச் சுற்றிப் பெட்டியின் மூக்கை நுழைத்துப் போராட வேண்டியதில்லை, பிளாஸ்டிக் பொத்தானும் உருகாது.

கட்டில்மேல் தேய்ப்பது

மெத்தையில் பெட்டியை வைத்தால் அது உள்ளே அமுங்கும். கீழிருந்து எதிர்ப்பு இல்லாததால் அழுத்தம் துணிக்குப் போகாது, குனிந்து நிற்பதால் இடுப்பு போகும். வெறும் பலகையோ கிரானைட்டோ வேறு விதத்தில் கெடுக்கும். தையல் விளிம்பும் பாக்கெட் விளிம்பும் மேலே அச்சாகத் தெரியும். இடுப்பு உயர மேஜையில் பழைய பருத்திக் கம்பளத்தை இரண்டாக மடித்து, அதன்மேல் வெள்ளை வேட்டியோ வெளுத்த விரிப்போ இழுத்துக் கட்டினால் போதும், தனி இஸ்திரிப் பலகை கட்டாயமில்லை. சாயம் போகும் விரிப்பு வேண்டாம். ஈரத்தோடு சூடு சேர்ந்தால் சாயம் சட்டைக்கு ஏறும்.

சூட்டின் வரிசை தலைகீழாவது

துணியின் உட்பக்க லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200 டிகிரி செல்சியஸ் வரை. நைலான், அக்ரிலிக் ஒரு புள்ளி. பாலியெஸ்டர், பட்டு, கம்பளி இரண்டைத் தாண்டக் கூடாது. பருத்திக்கும் லினனுக்கும் மூன்று. கலப்புத் துணியில் எது பலவீனமான இழையோ அதன் கணக்கில்தான் சூடு. டெரிகாட்டன் சீருடைக்குப் பருத்திச் சூடு வைத்தால் பளபளப்பு விழும்.

பெட்டி சூடேற இரண்டு மூன்று நிமிடம், ஆற அதைப்போல் பல மடங்கு நேரம். அதனால் பருத்தியில் தொடங்கிப் பட்டுக்கு வருவது தவறு. குறியை இறக்கியதும் அடித்தகடு ஆறிவிட்டதென்று நம்பி வைப்பவர்கள்தான் துணியைச் சுட்டுக்கொள்கிறார்கள். குறைந்த சூட்டுத் துணியில் தொடங்கி மேலே ஏறுங்கள். முதல் முறை சூடேறும்போது தகடு குறித்த அளவைக் கொஞ்சம் தாண்டிப் போவது உண்டு, விளக்கு ஒரு முறை அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்த பிறகு மென்மையான துணியை எடுப்பது நல்லது. கடைசித் துணிக்கு முன்பே சுவிட்சை அணைத்துவிட்டு, மிச்சச் சூட்டில் கைக்குட்டைகளை முடித்துக்கொள்ளலாம். தினமும் காலையில் ஒரே ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடேற்றுபவர்கள் இந்தச் சூட்டையெல்லாம் ஆறவிட்டு வீணாக்குகிறார்கள்.

2000 வாட் நீராவிப் பெட்டி 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயின்ட்டிலோ மெல்லிய ஒயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் பிளக் சூடாகி உருகும். 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். 1000 வாட் சாதாரணப் பெட்டிக்கு 4 ஆம்பியர் சொச்சம்தான், 6 ஆம்பியரே போதும்.

நீராவிப் பெட்டியில் போர்வெல் தண்ணீர்

சென்னையில் பல பகுதிகளின் போர்வெல் தண்ணீரை ஒரு மாதம் ஊற்றினாலே ஆவித் துளைகளில் வெள்ளை உப்பு கட்டிவிடும். பிறகு அது பழுப்புத் துணுக்காக உதிர்ந்து வெள்ளைச் சட்டையில் விழும். ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ ஊற்றுங்கள். கஞ்சி, வாசனைத் திரவம் எதையும் தொட்டிக்குள் விடக்கூடாது. ஒரு புள்ளிச் சூட்டில் ஆவிப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் ஆவியாகாமல் சொட்டும். பெட்டியில் கோளாறு என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவது இதற்காகத்தான். முடிந்ததும், சூடு இருக்கும்போதே மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிமிர்த்தி வைத்து ஆறவிடுங்கள். சூட்டோடு ஒயரைச் சுற்றி வைத்தால் அதன் உறை கெடும்.

கஞ்சியும் கருகலும்

வடிகஞ்சியை வடிகட்டாமல் போட்டால் பருக்கை தகட்டில் ஒட்டிக் கருகும், அடுத்த துணியில் பழுப்புக் கோடு இழுக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு டம்ளர் கஞ்சிக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் சேருங்கள். வேட்டி இன்னும் விறைப்பாக வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்ப்ரே கஞ்சியை அடித்த உடனே பெட்டியை வைக்காதீர்கள், அரை நிமிடம் இழை உறிஞ்சட்டும். ஒட்டிய கறையைப் பிளேடாலும் உப்புத்தாளாலும் சுரண்டினால் நான்ஸ்டிக் பூச்சு போய்விடும், அதன் பிறகு எல்லாத் துணியும் ஒட்டும். ஆறிய தகட்டில் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவி ஈரத்துணியால் துடைத்தாலே பெரும்பாலான கறை வந்துவிடும், துளைகளுக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் மாத்திரையைச் சூடான தகட்டில் தேய்க்கும் வித்தையும் வேலை செய்யும்தான். ஆனால் அந்தப் புகையை மூக்கருகே வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய அவசியம் தெரியவில்லை.

பெட்டியால் தீராதவை

பருத்திப் புடவையின் கீழ் ஓரம் எவ்வளவு தேய்த்தாலும் சுருங்கிச் சுருங்கி நிற்கிறதா? குற்றம் ஃபால்ஸில். நனைத்துக் காய வைக்காமல் தைத்த பருத்தி ஃபால்ஸ் முதல் துவைப்பில் சுருங்கி, புடவையைத் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. பட்டுப் புடவையில் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், சொட்டு விழுந்த இடம் வட்டமாகத் தெரியும். ஜரிகையைப் பின்பக்கமாக, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுத் தேய்க்க வேண்டும். கறுப்புப் பேன்ட்டுக்கும் இதே துணி உதவும், நேராகத் தேய்த்தால் முழங்காலும் பாக்கெட்டும் மினுமினுக்கத் தொடங்கும். வியர்வையோ எண்ணெயோ பட்ட சட்டையைத் துவைக்காமல் தேய்த்தால் சூட்டில் கறை இறுகிவிடும், பிறகு எந்த சோப்புக்கும் அசையாது.

தேய்த்ததும் சுடச்சுட மடித்துப் பீரோவில் அடுக்காதீர்கள். பத்து நிமிடம் ஹேங்கரில் ஆறினால்தான் நேர்த்தி நிற்கும், மிச்ச ஈரமும் போகும்.

துண்டு, பனியன், நைட்டி, கால்சட்டைக்குள் போடுபவை இவற்றையெல்லாம் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். துண்டின் பூ அமுங்கி ஈரம் உறிஞ்சுவது குறையும், எலாஸ்டிக் சூட்டில் தளரும். உதறிக் காயப்போட்டு, கையால் நீவி மடித்தால் போதும். படுக்கை விரிப்பையும் விட்டுவிடலாம், சம்பந்தி வீட்டார் வந்து தங்கும் நாள் தவிர.