பினாப்தலீன் ஒன்றை வைத்தே மூன்றையும் பிரித்தேன்

லேபிள் உரிந்துபோன மூன்று பாட்டில்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு, உப்புக் கரைசல் என்பது தெரியும். எது எதில் என்பது தெரியாது. மூன்றுக்கும் நிறமில்லை. சுவைத்தோ முகர்ந்தோ பார்க்கும் விஷயமும் இல்லை. கையில் இருந்த நிறங்காட்டி (அமிலமா காரமா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் பொருள்) பினாப்தலீன் மட்டும்.

ஒவ்வொன்றிலும் சிறிது எடுத்து ஒரு சொட்டு விட்டதில் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பானது. அது காரம். சரி, மற்ற இரண்டு? பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 என்றால் நடுநிலை) 8.2-க்குக் கீழே பினாப்தலீன் நிறமே காட்டாது. அமிலமும் நடுநிலையும் அதற்கு ஒன்றுதான்.

வழி அந்த இளஞ்சிவப்புக் கரைசலிலேயே இருந்தது. அதில் கொஞ்சத்தை இரண்டு சோதனைக்குழாய்களில் ஊற்றி, தெரியாத திரவங்களைத் தனித்தனியே சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன். ஒன்றில் நிறம் லேசாக வெளிறியது, அவ்வளவுதான். நீர்த்துப்போனதால் வந்த மாற்றம் அது. இன்னொன்றில் சட்டென்று மறைந்தது. அமிலம் காரத்தை நடுநிலையாக்கிவிட்டது! காரத்தைக் குறைவாக எடுப்பது முக்கியம், இல்லாவிட்டால் நிறம் போக அமிலம் நிறைய செலவாகும்.

அப்புறம் புரோமோதைமால் நீலம் என்ற இன்னொரு நிறங்காட்டி கிடைத்ததும் சரிபார்த்தேன். அமிலத்தில் மஞ்சள், காரத்தில் நீலம். உப்புக் கரைசல் மட்டும் நடுநிலைக்குரிய பச்சைக்கு வராமல் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்தால் தூய நீரே பிஎச் 5.6 அளவுக்கு இறங்கிவிடும். கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டுச் சோதித்ததும் பச்சை வந்தது.

மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை இந்த வேலைக்கு எடுக்கவே மாட்டேன், பிஎச் 4.4-க்கு மேல் எல்லாமே அதற்கு மஞ்சள்.