சோல் பாட்டை வெட்டி, இரண்டு ராப்பர்களுக்கு ஒரு பீட்

2011-ல் ராப்பர்கள் ஜே-ஸீயும் கான்யே வெஸ்ட்டும் சேர்ந்து வெளியிட்ட ‘ஓட்டிஸ்’ சிங்கிளை ஹெட்போனில் கேளுங்கள். 1966-ல் சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடகர் ஓட்டிஸ் ரெடிங் பாடிய ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னஸ்’ பதிவின் துண்டுகள்தான் அதன் அடித்தளம். தனியாகக் கோரஸ் கிடையாது. இருவரும் மாறி மாறி ராப் செய்ய, கோரஸின் இடத்தை ரெடிங்கின் குரலே நிரப்புகிறது. அதே அமைப்பில் பாட்டு செய்வது இப்படி.

படி 1: பழைய சோல் பாட்டு ஒன்றில் டிரம்ஸ் அதிகம் கலக்காத 4 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) பகுதியைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தையும் சுருதியையும் சேர்த்தே ஏற்றுங்கள். 70 பிபிஎம் (நிமிடத்துக்கு 70 அடி) பாட்டை 3 செமிடோன் (அரைச் சுர அளவு) ஏற்றினால் ஏறக்குறைய 83 பிபிஎம் வரும்.

படி 2: வெட்டுவது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அந்தக் கால சோல் குழுக்கள் பெரும்பாலும் கிளிக் (சீரான தாளம் காட்டும் டிக்-டிக் ஒலி) இல்லாமல் வாசித்தவை. தாளம் மெல்ல முன்னே பின்னே போகும். 4 பாரையும் ஒரே துண்டாக லூப் செய்தால் (திரும்பத் திரும்ப ஓடவிட்டால்) இரண்டாவது பாரிலேயே உங்கள் கிக் (கால் டிரம்) விலகிவிடும். மென்பொருளின் தானியங்கி நீட்டலை நம்பாதீர்கள், குரல் உலோகம்போல் ஒலிக்கும். ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் காதால் கேட்டு வெட்டி, மென்பொருளின் தாளக் கட்டத்தில் பொருத்துங்கள். 83 பிபிஎம்மில் ஒரு பார் 2.89 விநாடி. துண்டு நீண்டால் வாலை வெட்டுங்கள். குறைந்தால் இடைவெளியை அப்படியே விடுங்கள், அந்த மூச்சு நன்றாகவே இருக்கும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் 5 மில்லிவிநாடி ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவது) போடுங்கள்.

படி 3: சாம்பிளில் (பழைய பாட்டிலிருந்து எடுத்த பகுதியில்) 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டி நீக்கிவிட்டு உங்கள் பேஸை (தாழ்ந்த சுர ஒலியை) சேருங்கள். வடிகட்டாவிட்டால் பழைய பேஸும் புதியதும் மோதிக் குழையும். ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) ஒவ்வொரு பாரின் 2, 4-ஆம் அடிகளில்.

படி 4: ராப்பர்கள் இருவருக்கும் ஆளுக்கு 8 பாராகப் பிரித்துக்கொடுங்கள். ராப் நடக்கும்போது குரல் இல்லாத துண்டுகள், ஆள் மாறும் இடத்தில் பாடகரின் குரல் உள்ள துண்டு. இரண்டும் ஒன்றாக ஓடினால் வரிகள் புரியாது. வேறு ஊரிலிருந்து பதிவு செய்பவர் முதல் பாரிலிருந்தே தொடங்கும் 24 பிட் வேவ் கோப்பாக அனுப்பட்டும். இல்லையென்றால் எங்கே பொருத்துவது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

படி 5: வெளியிடும் முன் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, பாடலின் இயற்றலுக்கு ஒன்று. ‘சில விநாடி என்றால் பரவாயில்லை’ என்பதை நம்பி இறங்க வேண்டாம். ஒலிப்பதிவுக்கு அனுமதி கிடைக்காவிட்டால், அதே பகுதியைக் கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசித்துப் பதியுங்கள். அப்போது இயற்றல் உரிமையாளரிடம் மட்டும் பேசினால் போதும்.